பதின்மூன்றில் ஏழாவது

12 நவம்பர் 1991, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கீழ்க்கட்டளை முனையில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, பல்லாவரத்தில் ரயிலேறி, தாம்பரம் கல்லூரி போய்ச் சேர மணி பத்தரை. புடவை பாதி ஈரம். ஆராய்ச்சி அறை விசிறிக்கு நேர் கீழே நின்று காய்ந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். 21, வியாழன், கிண்டி.

செய்ய வேண்டியவை:
– ப்ரொஜெக்டருக்குக் கண்ணாடித்தாள் படங்கள், பன்னிரண்டு. (முடிந்தது மூன்று.)
– தேர்வாளரின் கேள்விக்கு எழுதிய பதில், மனப்பாடம்.
– அரக்குப் புடவைக்கு ஃபால் தைக்கக் கொடுத்தது. வாங்க வேண்டும்.
– தேவராஜுக்கு அன்று லீவு கிடைக்குமா? (கிடைக்காது. மின்சார ரயில் கார்டைக் கட்டிக்கொண்டவளுக்கு இது தெரியாதா.)

அறையைப் பெருக்கும் கஸ்தூரி அக்கா இன்று கேட்டேவிட்டாள். “இன்னா டீச்சரம்மா, அஞ்சு வருசமா அந்தப் பொட்டியாண்ட குந்திகினு கீறே. இன்னாதான் பண்றே?”

காற்று எப்படிக் கல்லாகிறது என்று பார்க்கிறேன் என்றேன். ஆர்கான் அணு ஒன்று தனியாகத் திரிந்தால் அது வாயு. கோடானுகோடி சேர்ந்து குளிரில் இறுகினால் கட்டி. நடுவில் மூன்று, பத்து, ஐம்பது என்று சின்னக் கொத்தாகச் சேர்ந்தால் அதை வாயு என்பதா, கட்டி என்பதா? அந்தக் கொத்துகள்தான் என் பிழைப்பு.

அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். “நாலு பேர் நின்னுகினு இருந்தா பேசிகினு கீறாங்கன்னு போலீசு போய்டுவான். நாப்பது பேர்னா கூட்டம், தடியத் தூக்குவான். பாஞ்சு இருவது பேர்னா அவனுக்கே பேஜாரு.”

ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் முப்பத்திரண்டு பக்கம். இதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை.

13 நவம்பர், புதன்

மழை விட்டு விட்டு. கல்லூரி போகவில்லை. வீட்டிலேயே படம் வரைவது என்று முடிவு.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவைக்க வேண்டும், வரிசையாக.

தே.க்குக் காலை டூட்டி. மூன்று மணிக்கு வந்து, டீயோடு உட்கார்ந்தார். அணுக்களின் இருப்பிட எண்களை அவர் வாசிக்க, நான் கிராஃப் தாளில் புள்ளி வைப்பது என்று ஏற்பாடு. என் கொத்தில் பதின்மூன்று அணு. நடுவில் ஒன்று, சுற்றிப் பன்னிரண்டு. பிடிவாதமான எண் இந்தப் பதின்மூன்று, எளிதில் கலையாது. அதிகச் சூட்டில் ஏழாம் அணு எப்படி அலைகிறது என்பதற்கு ஒரு படம் வேண்டும். அதனால் ஏழாம் அணு.

தே. ஸ்டேஷன் பெயர் சொல்வதுபோலவே வாசித்தார். ஒன்பது புள்ளி இரண்டு. ஒன்பது புள்ளி ஆறு. ஒன்பது புள்ளி ஒன்பது. மைனஸ் ஒன்பது புள்ளி எட்டு. அத்தோடு நிறுத்திவிட்டார்.

“ஏம்மா, இது எப்படி? இப்பத்தான் இந்தக் கோடி பீச் ஸ்டேஷன்ல நின்னுது. அடுத்த வரியில அந்தக் கோடி தாம்பரத்துல நிக்குது. நடுவுல ஒரு ஸ்டேஷன்லயும் நிக்கலையே.”

அச்சுப் பிழை, மேலே படியுங்கள் என்று எரிந்து விழுந்தேன். படித்தார். மைனஸ் ஒன்பது புள்ளி நாலு. மைனஸ் ஒன்பது. மைனஸ் எட்டு புள்ளி ஆறு. அது திரும்பி வந்துகொண்டிருந்தது. பேனா நின்றுவிட்டது. 

விஷயம் இதுதான். இந்தக் கணினி நிரலை நான் முதலிலிருந்து எழுதவில்லை. திரவ ஆர்கானுக்காக ஒரு சீனியர் எழுதியதை வாங்கி மாற்றிக்கொண்டேன். ஒரு டம்ளர் திரவத்தில் உள்ள அணு எல்லாவற்றையும் யாராலும் கணக்கிட முடியாது. அதனால் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் அதே மாதிரிப் பெட்டிகள் என்று பாவனை செய்வார்கள். வலது சுவர் வழியாக ஓர் அணு வெளியே போனால் இடது சுவர் வழியாக உள்ளே வரும். திரவத்துக்கு அது நியாயம், பக்கத்து வீட்டிலும் அதே கூட்டம்தானே. என் கொத்துக்குப் பக்கத்து வீடே கிடையாது. சுற்றிலும் வெறும் வெளி. போன அணு போனதுதான். நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியை நீக்கினேன். எங்கோ ஒரு மூலையில் மிச்சம் இருந்திருக்கிறது.

கடைசியான ஐந்தாம் அத்தியாயத்தில் நான் எழுதியது: எவ்வளவு சூடேற்றினாலும் பதின்மூன்றும் பிரியவில்லை. வெளியூர்த் தேர்வாளர் தன் அறிக்கையில் கேட்டிருந்த ஒரே கேள்வியும் அதுதான், ஒன்றுகூட விலகவில்லையே, ஏன் என்று. அதற்கு ஒன்றரைப் பக்கம் பதில் எழுதி, அதில் அந்தப் பதின்மூன்றின் கட்டுக்கோப்பைப் பாராட்டியிருக்கிறேன். கொல்லைப்புறமாக ஓடிப்போனவனை வாசல் வழியாக நானே கூட்டிவந்து உட்காரவைத்து, பார் என்ன ஒற்றுமை என்று மெச்சியிருக்கிறேன். வெட்கக்கேடு.

அதைவிடப் பெரிய பயம் நான்காம் அத்தியாயம். ஆய்வேட்டின் உயிர் அங்கேதான். ஐஸ் ஒரே புள்ளியில் உருகும். என் கொத்து அப்படியில்லை. ஒரே சக்தியில் சிறிது நேரம் கல்லாக இருக்கிறது, சிறிது நேரம் தண்ணீராக நெகிழ்கிறது, மறுபடி கல். எவ்வளவு நேரம் அது, எவ்வளவு நேரம் இது என்று கணக்கெடுத்தவள் நான். அங்கேயும் ஓர் அணு சுவரைத் தாண்டித் திரும்பி வந்திருந்தால் எல்லாம் பொய். டிசம்பரோடு படிப்பு விடுப்பு முடிகிறது. ஜனவரியில் என் பழைய கல்லூரி, வாரம் இருபது வகுப்பு, கணினி கிடையாது. நாற்பத்தொரு வயது. மறுபடி செய்ய முடியாது.

தே. டீ ஆறிவிட்டது என்றார். ஆறட்டும் என்றேன்.

14 நவம்பர், வியாழன்

வெயில். எரிச்சலாக இருந்தது, இன்றைக்கென்று வெயில்.

நிரலின் அச்சை வராண்டா நீளத்துக்கு விரித்துப் படித்தேன். கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அணுக்களை நகர்த்தும் பகுதியின் கடைசியில் இரண்டே வரி. பக்கத்திலேயே என் கையெழுத்தில், நான்கு வருடத்து மசியில், “பெட்டி நீக்கப்பட்டது.” மேலே மூன்று இடத்தில் நீக்கிய மகராசி கீழே பார்க்கவில்லை.

அந்த இரண்டு வரியை இப்போதைக்கு அப்படியே விட்டு, ஒரு எண்ணியைச் சேர்த்தேன். யாராவது சுவரைத் தாண்டினால் ஒன்று கூட்டும். பழைய ஓட்டங்களை, அதாவது நிரலை முன்பு ஓடவிட்ட தடவைகளை, மறுபடி ஓட்டினால் என்ன நடந்தது என்று அப்போதுதான் தெரியும்.

மொத்தம் பதினெட்டு ஓட்டம், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சூடு. நான்காம் அத்தியாயம் நிற்பது 9, 10, 11, 12 மேல். இந்த நான்கில் அதிகச் சூடு 12, ஆகவே அது முதலில். ஓர் ஓட்டத்துக்கு ஆறு மணி நேரம். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மாலை மூன்று மணிக்குத் தட்டிவிட்டு வந்தேன்.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு எட்டிப் பார்த்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர், அதனால் நான் மேடம். படங்கள் ஆச்சா மேடம் என்றார். ஆயிட்டே இருக்கு சார் என்றேன். வாய் கூசவில்லை. அதுதான் ஆச்சரியம்.

ஜெபத்தில் ஆண்டவரிடம் நான்கு சுழியம் கேட்டேன். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

15 நவம்பர், வெள்ளி

பேய்மழை. ரயில் மெதுவாக ஊர்ந்தது. கல்லூரி வாசலில் கால் வைக்கும்போது மணி பன்னிரண்டு. மின்சாரம் போயிருக்கும், ஓட்டம் செத்திருக்கும் என்று படியேறும்போதே நினைத்துக்கொண்டேன்.

அறையில் கண்ட காட்சி: கணினிக்கு மேலே விரித்த கறுப்புக் குடை. அதன் காம்பு ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டியிருந்தது. ஸ்டூல் மேல் கஸ்தூரி அக்கா, தெறிப்பைத் தடுக்கக் கையில் முறம்போல் ஒரு அட்டை. கூரை ஒழுகி, சரியாக அந்த மேஜைக்கு மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. குடையில் விழுந்து, கீழே வைத்த பக்கெட்டுக்குள் போனது.

“பாய் போட்டு மூடலாம்னுதான் பாத்தேன். மூடுனா சூட்டுல வெந்துபூடும்னு நீதான சொல்லிகீறே. அதான் கொடை புடிச்சேன். ஏழு மணிக்கே வந்துட்டேன், கால் மரத்துப்பூச்சு.”

மழையில் நனைந்தே வந்திருக்கிறாள். கட்டியிருந்த குடையைப் பார்த்தேன். அது நேற்று மறந்துவிட்டுப் போன என் குடை. அவளிடம் குடையே கிடையாது. என் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

திரையில்:
12 – தாண்டியவை 0
11 – தாண்டியவை 0
10 – தாண்டியவை 0
9 – ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று மணிவரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா பள்ளிக்கரணையில் தன் வீட்டுக்குள் ஆமை வந்த கதை சொன்னாள். மூன்று ஐந்துக்கு நான்காவது சுழியம். அழுதேன். நன்றாகவே அழுதேன், மூக்கு ஒழுக. யாராவது செத்துப்போய்ட்டாங்களா என்று அக்கா கேட்டாள். இல்லக்கா, பிழைச்சுடுச்சு என்றேன்.

கிளம்புமுன் 13, 14ஐத் தட்டிவிட்டேன். குடையைக் கட்டியபடியே விட்டுவிட்டு நனைந்து வந்தேன். தே. திட்டினார். திட்டட்டும்.

16 நவம்பர், சனி

தூறல். 13 – தாண்டியவை 1. பதினாலில் ஒன்பது.

ஒரே ஒரு படி. பன்னிரண்டாம் ஓட்டத்தோடு நிறுத்தியதற்குப் பதில் பதின்மூன்றாவதையும் சேர்த்திருந்தால் நான்காம் அத்தியாயமும் போயிருக்கும். அன்று ஏன் பன்னிரண்டில் நிறுத்தினேன் என்று பழைய டைரியைத் தேடிப் பார்த்தேன். “பிரிண்டர் ரிப்பன் தீர்ந்தது.” இவ்வளவுதான்.

கைடிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. அச்சை மேஜையில் விரித்து அந்த இரண்டு வரியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“நானும் ரெண்டு தடவை முழுசாப் படிச்சிருக்கேன் மேடம். கையெழுத்து வேற போட்டிருக்கேன்” என்றார்.

அதற்குப் பிறகு, தயங்கித் தயங்கி, ஒரு வழி சொன்னார். ஐந்தாம் அத்தியாயப் படங்களை எடுத்துவிட்டு நான்காவதை மட்டும் விரிவாகப் பேசலாம். யாரும் கவனிக்கப் போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை, என் விடுப்புத் தேதி அவருக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து மரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றேன். ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது இங்கே, யாருமே படிக்காத நோட்டு.

ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே. தேர்வாளர் கேட்பார். நான் அந்த ஒன்றரைப் பக்கத்தை ஒப்பிக்க வேண்டும். தெரியாமல் எழுதினேன், அது தப்பு. தெரிந்துகொண்டு ஒப்பித்தால் அதற்கு வேறு பெயர். திரும்பிப் போய், திருத்தத்தாள் அடித்து முதலிலேயே காட்டிவிடலாம் சார் என்றேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அவருக்கும் அதுவே வேண்டியிருந்திருக்கிறது.

நிரலிலிருந்து அந்த இரண்டு வரியையும் நீக்கிவிட்டேன். புதிய ஓட்டம், 14லிருந்து 18வரை. திங்கள் வரை ஓடட்டும்.

18 நவம்பர், திங்கள்

வானம் வெளுப்பு. கொசு. நேற்றுக் கோயிலில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

இன்று கிடைத்தது!

சுவர் இல்லாத பதினாலாம் ஓட்டம். நெடுநேரம் பதின்மூன்றும் தண்ணீராய்க் குழம்பிக்கொண்டிருந்தன. பிறகு ஏழாம் அணு (அதேதான், வேறு யார்) பிய்த்துக்கொண்டு போனது. இந்த முறை திரும்பவில்லை. அது போன கையோடு மிச்சம் பன்னிரண்டும் சூடு தணிந்து, அசைவு குறைந்து, இறுகிவிட்டன. மண்பானை கசிந்து தண்ணீரைக் குளிரவைக்கிறதே, அதுதான். பன்னிரண்டே அணுவில் அதே பானை வேலை! ஐந்து வருடமாக நான் கதவைச் சாத்திக்கொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மற்ற ஓட்டங்களிலும் அப்படியே. சில சமயம் இரண்டு போகின்றன.

பொய்யான அத்தியாயத்தைவிட உண்மை நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லத் தே.யைத் தேடினால் அவர் டூட்டியில். கஸ்தூரி அக்காவிடம் சொன்னேன். ஒண்ணு போனா மத்ததுக்கு நிம்மதிதானே, எங்க வூட்ல நாத்தனார் போன மாதிரி என்றாள்.

20 நவம்பர், புதன்

திருத்தத்தாள், மூன்று பக்கம், நான்கு பிரதி ஜெராக்ஸ். படங்கள் பன்னிரண்டும் தயார். ஃபால் தைத்து வந்துவிட்டது, கோணலாக. கஸ்தூரி அக்காவுக்குக் குடை வாங்கியாயிற்று, பூப்போட்டது. கறுப்பு வேண்டாமாம்.

லீவு இல்லை என்றார் தே. நாளை மதியம் டூட்டி. பீச்சிலிருந்து வரும் அவர் வண்டி ஐந்து மணி வாக்கில் கிண்டியில் நிற்கும். கார்டு இறங்கி வந்து விசாரிக்க முடியாது, அதனால் நான் பிளாட்பாரத்தின் கோடியில், கடைசிப் பெட்டி நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். “பாஸ்னா பச்சையக் காட்டு. தூரத்துலயே தெரிஞ்சுடும்” என்றார். பச்சைக் கைக்குட்டை ஒன்று கைப்பையில் வைத்தாயிற்று. திரும்பச் செய்யச் சொல்லிவிட்டால்? அதற்கு அவரிடம் கலர் கேட்கவில்லை.

21 நவம்பர், வியாழன்

மழை இல்லை. மேகம் மட்டும். அரக்குப் புடவை.

வெளியூர்த் தேர்வாளர் கழுத்தில் மஃப்ளர், கடும் ஜலதோஷம். ரயிலில் ஜன்னலோரம் படுத்தாராம். தும்மி முடிக்க முடியாமல் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, என் கைக்குட்டையை நீட்டினேன்.

முதல் கண்ணாடித்தாளாகத் திருத்தத்தை வைத்தேன்.  ஐந்தாம் அத்தியாயம் தவறு, காரணம் இது, நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் அனுப்பிய பதிலும் தவறு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.  கைடு தரையைப் பார்த்தார்.

தேர்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உண்மையைச் சொன்னா, நான் அதைச் சந்தேகப்பட்டெல்லாம் கேக்கலைம்மா. ஒரு கேள்விகூட இல்லாம ரிப்போர்ட் அனுப்பினா, படிக்கவே இல்லைன்னு நினைச்சுக்குவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டு நாள் தூக்கம் போன கேள்வி!

அதற்குப் பிறகு அவர் நான்காம் அத்தியாயத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, பன்னிரண்டு அணு இறுகும் படத்தை முக்கால் மணி நேரம் விடவில்லை. எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். திருத்திய ஐந்தாம் அத்தியாயத்தை இரண்டு வாரத்தில் சேர்த்துவிட வேண்டும். பட்டத்துக்குப் பரிந்துரை. டாக்டர் ஸ்டெல்லா என்று கைடு கை கொடுத்தார். அவர் கை என் கையைவிட ஈரம்.

கிண்டி ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்க் கோடியில் நின்றேன். வண்டி வருகிறது. கைப்பையைத் திறந்தால் கைக்குட்டை இல்லை. அது ஜலதோஷத்தோடு போய்விட்டது. கையில் இருந்தது ஆய்வேடு ஒன்றுதான். சந்தோஷத்தில் அதைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே குதித்தேன்.

ஆய்வேட்டின் பைண்டிங் ரத்தச் சிவப்பு ரெக்ஸின்.

கடைசிப் பெட்டி என்னெதிரே நின்றபோது தே. முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. “பரவால்ல, ஸ்டெல்லா. ஏறு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்றார்.

பாஸுங்க என்று கத்தினேன். பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் என் கையையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்புறம் ஏண்டி செவப்பக் காட்டுற?” என்றார். பொது இடத்தில் அவர் என்னை டி போட்டதும் இதுவே முதல் தடவை. பிறகு தன் பச்சைக் கொடியை எடுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார். பக்கத்துப் பெண்கள் பெட்டியில் தாம்பரம் வரை நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. பல்லாவரத்தில் இறங்க மறந்துவிட்டேன்.

22 நவம்பர், வெள்ளி

வெயில். எட்டு மணிக்கு எழுந்தேன். துணி மலைபோல் கிடக்கிறது.

தே. இட்லி சாப்பிட்டுக்கொண்டே திருத்தத்தாளைப் புரட்டினார். ஆங்கிலத்தில் ஒன்றும் புரிந்திருக்காது, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் தனியாக இருக்கும் புள்ளியில் விரல் வைத்து, இதுதானே அன்னைக்குத் தாம்பரத்துல நின்னது என்றார். ஆமாம், ஏழாம் நம்பர்.

“இப்ப எங்க போய் நிக்கும்?”

“நிக்காதுங்க. போயிட்டே இருக்கும்.”

“டெர்மினஸே கிடையாதா?”

“கிடையாது.”

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து சட்டை மாட்டும்போது, அது கார்டு இல்லாத வண்டி என்றார். டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

நான் துணியை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். பகலில், விசிறி போட்டு, மூன்று மணி நேரம். கனவே வரவில்லை.